கபஹெண்டா அப்வோலியும் காணாமல் போன கடிதங்களும்

கிசோம்பே வட்ட அலுவலகத்தில் கபஹெண்டா அப்வோலி தட்டச்சராகச் சேர்ந்து இருபத்திரண்டு வருடங்கள் ஆகியிருந்தன. அதற்குள் நான்கு வட்டத் தலைவர்கள் வந்து போய்விட்டார்கள். கூரைத் தகரம் இரண்டு முறை மாறிவிட்டது. அவளும் அவளுடைய தட்டச்சு இயந்திரமும் மட்டும் சன்னலோரத்தை விட்டு அசையவில்லை. நில எல்லைத் தகராறு, மாடு காணாமல் போனது, மாப்பிள்ளைக்கு நன்னடத்தைச் சான்று, வாழைப்பழக் கள் காய்ச்ச அனுமதி என்று எதுவானாலும் அவள் விரலைத் தாண்டித்தான் போக வேண்டும். யாராவது அவளிடம் குரலை உயர்த்தினால், கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்ப்பாள். "ஒங்க மாமனார் ஒங்க பேர்ல குடுத்த மனு என் விரல்ல இன்னும் சூடா இருக்கு. படிக்கட்டா?" என்பாள். வந்தவர் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு பெஞ்சில் போய் உட்கார்ந்துவிடுவார்.

அவளுடைய அறைக்கும் பதிவேட்டு அறைக்கும் நடுவே ஓர் அரைச்சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் முகேன்யி அராலி. ஒட்டடைக் குச்சி மாதிரி உயரம், மலைக்குளிருக்குப் போட்ட கோட்டை வெயிலிலும் கழற்றாத சுபாவம். எந்தக் கோப்பு எந்த அலமாரியில் எந்தத் தட்டில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். இருவரும் இருபத்திரண்டு வருடமாக அந்தச் சுவர்மேல் சண்டை போட்டார்கள். மத்தியானம் அதே சுவர்மேல் சாப்பாட்டைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். தோல் உரித்து மசித்த அவரைப்பருப்பு ஃபிரிண்டா அவளுடையது. சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கு அவருடையது.

அந்த டோரோ சீமையில் ஒருவரை வெறும் பெயர் சொல்லிக் கூப்பிடுவது, வீட்டுக்கு வந்தவரை உட்காரச் சொல்லாமல் நிற்க வைப்பது மாதிரி. பன்னிரண்டு செல்லப்பெயர்கள் உண்டு. பிறந்ததும் அவற்றில் ஒன்றை வைத்துவிடுவார்கள். அன்பும் மரியாதையும் அந்தப் பெயரில்தான். ஆகவே அவள் அவருக்கு அப்வோலி. அவர் அவளுக்கு அராலி. எவ்வளவு முற்றிய சண்டையிலும் "அப்வோலி, ஒனக்கு மூளையே இல்ல" என்றுதான் அவர் ஆரம்பிப்பார்.

அந்த வருடம் மழைக்காலத் தொடக்கத்தில் மாவட்டத்திலிருந்து ஒரு பிக்கப் வண்டி வந்தது. வண்டியில் கம்ப்யூட்டர் ஒன்று, பிரிண்டர் ஒன்று, மின்சாரம் போனால் தாங்குவதற்கு பேட்டரிப் பெட்டி ஒன்று, இவற்றைச் சொல்லிக்கொடுக்க தலைநகர் கம்பாலாவிலிருந்து நலுபேகா என்ற பெண் ஒருத்தி. வட்டத் தலைவர் டிபம்வெண்டா அட்வோக்கி அட்டைப்பெட்டி மேல் எழுதியிருந்ததையெல்லாம் உரக்கப் படித்தார். "கவனமாகக் கையாளவும். இந்தப் பக்கம் மேலே. ஈரம் படக்கூடாது." அவருக்கு எதையும் வாய்விட்டுப் படித்தால்தான் மண்டையில் ஏறும். மருந்துச் சீட்டையும் அப்படித்தான் படிப்பார். அவருக்கு மூலம் இருப்பது அப்படித்தான் ஊருக்கே தெரிந்தது.

தட்டச்சு இயந்திரத்தைத் தூக்கிப் பதிவேட்டு அறையில் வைத்தார்கள். கபஹெண்டா அன்று ஃபிரிண்டாவைத் தொடவில்லை.

நலுபேகாவுக்குச் செல்லப்பெயர் கிடையாது. கம்பாலாப் பக்கத்தில் அந்த வழக்கமே இல்லை. "வெறும் பேரச் சொல்லி ஒன்னக் கூப்பிட்டுக்கிட்டு நான் எப்படிப் பாடம் கேக்கறது?" என்று கபஹெண்டா அவளுக்கு அங்கேயே 'அகீகி' என்று பெயர் வைத்துவிட்டாள். அதன்பிறகுதான் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"சரிம்மா. இதான் டெஸ்க்டாப். அதாவது மேசையோட மேல்பரப்பு" என்றாள் நலுபேகா.

கபஹெண்டா உடனே எழுந்து மைப்புட்டி, அளவுகோல், தேநீர்க் குவளை எல்லாவற்றையும் எடுத்துச் சன்னலில் வைத்தாள். ஈரத்துணியால் மேசையைத் துடைக்க ஆரம்பித்தாள்.

"என்னம்மா பண்றீங்க?"

"மேசைன்னு சொன்னியே அகீகி. சுத்தம் பண்ணிட்டு ஆரம்பிப்போம்."

"அந்த மேசை இல்லம்மா. உள்ள தெரியுதே, அந்த மேசை."

"உள்ள ஒரு மலையில்ல தெரியுது?"

திரையில் பச்சைப்புல் போர்த்திய ஒரு குன்றும் அதற்குமேல் நீலவானமும் தெரிந்தன. அரைச்சுவருக்கு மேலே அராலியின் தலை எழும்பியது. அவர் அந்தக் குன்றை வெகுநேரம் பார்த்தார்.

"அது யாரு நிலம்?" என்று கேட்டார். "ஒரு வாழ இல்ல, ஒரு தேயிலச் செடி இல்ல. மாடுகூட மேயல. இவ்வளவு புல்ல சும்மா விட்டு வச்சிருக்கானே, அவன் பேரு என்ன? பட்டா எண் இருக்கா?"

"அது வெறும் படம்ங்க."

"படம் எடுக்கணும்னா நிலம் இருந்திருக்கணும்ல?" என்று சொல்லிவிட்டுத் தலையை இறக்கிக்கொண்டார்.

குன்றின் மேல் சின்னச் சின்னப் படங்கள் வரிசையாக ஒட்டியிருந்தன. ஒவ்வொன்றும் ஒரு கதவு என்றாள் நலுபேகா. ரெண்டு தட்டுத் தட்டினால் திறக்கும். கபஹெண்டா மவுஸைப் பிடித்து ஒரு தட்டுத் தட்டினாள். நாகரிகமாகச் சற்றுக் காத்திருந்தாள். பிறகு இன்னொரு தட்டு. எதுவும் திறக்கவில்லை.

"சேத்துத் தட்டணும்மா. டக்-டக்."

"அவ்வளவு அவசரமா தட்டினா உள்ள இருக்கறவங்க என்ன நினைப்பாங்க?"

மவுஸ் வேறு அவள் சொன்ன பக்கம் போகாமல் மேசையின் விளிம்பைத் தாண்டித் தாண்டி விழுந்தது. சுவருக்கு அப்பாலிருந்து குரல் வந்தது. "அப்வோலிங்கறது பூனைக்கு உண்டான பேருன்னு எங்க ஆத்தா சொல்லும். ஒரு எலியப் பிடிக்க இவ்வளவு நேரமா?"

"நீ வந்து பிடி பாக்கலாம்!"

"எனக்கு வேல இருக்கு" என்றார் அராலி. அவர் வரவில்லை. கம்ப்யூட்டர் என்றால் அவருக்குப் பயம் என்பது கபஹெண்டாவுக்கு அப்போதே புரிந்துவிட்டது. அது அவளுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

ஆனால் முதல் நாள் முடிவதற்குள் அவள் தட்டச்சில் நலுபேகாவை வாய் பிளக்க வைத்துவிட்டாள். எழுத்துகள் அதே இடத்தில்தான் இருந்தன. இருபத்திரண்டு வருட விரல்களுக்கு வேறென்ன வேண்டும்? பிரிண்டரில் தாள் எடுக்கவும் கற்றுக்கொண்டாள். இரண்டாம் நாள் மத்தியானம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. நலுபேகா சொல்லிக்கொண்டிருந்தாள், கபஹெண்டா நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள்: 'வேலை முடிந்ததும் மேலே வலது மூலையில் இருக்கும் சின்னக் கோடு ஒன்றை அழுத்தவும். கடிதம் போய்விடும். மேசை தெரியும். போன கடிதம் எங்கே இருக்குமென்றால்...'

இடி விழுந்தது. மின்சாரம் போனது. பேட்டரிப் பெட்டிக்கு இன்னும் தண்ணீரே ஊற்றவில்லை. மறுநாள் காலையில் நலுபேகாவின் அக்காளுக்குக் குழந்தை பிறந்த செய்தி வந்தது. கம்பாலாவுக்குப் போகிற முதல் டாக்சியில் அவள் ஏறிவிட்டாள். கபஹெண்டாவின் நோட்டில் 'எங்கே இருக்குமென்றால்' என்பதற்குப் பிறகு வெறும் புள்ளிகள்தான்.

போகுமுன் அந்தப் பெண் ஓர் உபகாரமும் செய்துவிட்டுப் போயிருந்தாள். திரையின் அடியில் டாஸ்க்பார் என்று ஒரு பட்டை உண்டு. திறந்து வைத்திருக்கிற வேலைகளெல்லாம் அதில் வரிசையாக நிற்கும். அம்மாவுக்குக் கண் மங்கல், திரை விசாலமாக இருக்கட்டும் என்று நினைத்து, அந்தப் பட்டையைத் தானாக ஒளிந்துகொள்ளும்படி செய்து வைத்துவிட்டாள். அதைச் சொல்வதற்குள் டாக்சிக்காரன் ஹாரன் அடித்துவிட்டான்.

பேட்டரிப் பெட்டியைத் தயார் செய்ததும் கபஹெண்டாவின் ராஜ்ஜியம் ஆரம்பமானது. கண்ணாடித் திரைக்கு வெள்ளை நூலில் ஒரு பின்னல் உறை போட்டாள். காலையில் உறையை விலக்குவாள், சாயங்காலம் திரையின் பொத்தானை அமுக்கி இருட்டாக்கி, உறையை இழுத்து மூடுவாள். மேசைக்கு அடியில் உறுமிக்கொண்டிருந்த பெட்டி மின்சாரம் கொண்டுவருகிற ஏதோ சாமான் என்று எண்ணி அதைத் தொடுவதே இல்லை. ஆகவே கம்ப்யூட்டர் இரவும் பகலும் ஓடிக்கொண்டே இருந்தது.

ஒவ்வொரு கடிதத்தையும் அடித்து, தாளில் எடுத்து, நோட்டில் எழுதியிருந்தபடி மூலையிலிருந்த கோட்டை அழுத்தினாள். கடிதம் போனது. குன்று தெரிந்தது. அந்தச் சுத்தம் அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

மூன்றாம் நாள் தலைவர் அட்வோக்கி வந்தார். ஓடைமேல் இருக்கிற மரப்பாலத்தில் பலகை உளுத்துவிட்டது. அதைச் சரிசெய்யக் கோரி மாவட்டத்துக்கு ஒரு கடிதம். அவர் அதை உரக்கப் படித்துப் பார்த்தார்.

"'பாலம் பழுதடைந்துள்ளது'ன்னு இருக்கு. 'மிகவும் பழுதடைந்துள்ளது'ன்னு போடுங்க அப்வோலி. ஒரு வார்த்ததான்."

ஒரு வார்த்தைதான். ஆனால் அந்தக் கடிதம் எங்கே? குன்றின் மேல் இல்லை. ஒட்டியிருந்த கதவுகளையெல்லாம் தட்டிப் பார்த்தாள். ஒன்றிலும் இல்லை. குப்பைத்தொட்டி படம் போட்ட கதவையும் திறந்தாள். காலியாக இருந்தது. முழுக் கடிதத்தையும் மறுபடி அடித்தாள். கோட்டை அழுத்தினாள். அரைமணி நேரத்தில் தலைவர் திரும்பி வந்தார்.

"'உயிருக்கு ஆபத்தான நிலையில்'னு சேக்கலாமா?"

மறுபடி அடித்தாள். மறுநாள் 'ஆபத்தான' என்பது அதிகமாகப் பட்டது. அடுத்த நாள் பாலத்துக்கு முன்னால் 'வரலாற்றுச் சிறப்புமிக்க' என்று வேண்டுமென்றார். இப்படி ஆறு முறை. மற்ற கடிதங்களிலும் இதே கதைதான். அடித்ததை மறுபடி தேடினால் அது இல்லை.

கபஹெண்டா யோசித்தாள். தட்டச்சு இயந்திரத்தில் ஒருநாளும் கடிதம் காணாமல் போனதில்லை. மேசையில் இல்லை, குப்பையிலும் இல்லை. அப்படியென்றால் யாரோ எடுத்துப் போகிறார்கள். இந்த அறைக்குச் சாவி வைத்திருப்பது யார்? அவள் தேநீருக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் அரைச்சுவருக்கு மேலே கழுத்தை நீட்டித் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பது யார்?

"என்ன பாக்கற?" என்று ஒருநாள் கேட்டாள்.

"அந்த நிலத்தத்தான். இன்னிக்கும் ஒரு மாடு வரல" என்றார் அராலி.

அவளுக்குச் சந்தேகம் உறுதியாகிவிட்டது. கம்ப்யூட்டர் வந்தபிறகு பதிவேட்டு அறையை மூடிவிடுவார்கள் என்று ஊரில் பேச்சு. அராலிக்கு வயிறு எரிகிறது. எரியாதா பின்னே?

வீட்டில் புருஷனிடம் சொன்னாள். ருசோக்கே அமூட்டி தேயிலைத் தொழிற்சாலையில் இலை எடை போடுகிறவர். எல்லாவற்றுக்கும் சிரிப்பார். "அராலியா? திறந்து கெடக்கற கதவுக்குள்ள போறதுக்கே மூணு தடவ செருமற ஆளு. அவரா திருடறாரு?" என்று சிரித்தார். கபஹெண்டா அவருக்கு அன்று இரண்டாவது குவளைத் தேநீர் கொடுக்கவில்லை.

எட்டாம் நாள் காலை, அராலி எதிலோ தலையை விட்டுக்கொண்டிருந்த நேரம் பார்த்து, வட்டத் தலைவருக்கு ஒரு புகார் அடித்தாள். ஒரு பக்கம் முழுக்க. அதைத் தாளில் எடுப்பதற்குள் சுவருக்கு மேலே அராலியின் தலை எழும்பியது. சட்டென்று மூலைக்கோட்டை அழுத்தினாள். புகார் போய்விட்டது. குன்று வந்துவிட்டது. தலை இறங்கிய பிறகு தேடினாள். புகாரும் இல்லை!

மறுநாள் நேராகத் தலைவர் அறைக்குப் போனாள்.

"அட்வோக்கி, கடிதமெல்லாம் காணாமப் போறதப் பத்தி ஒரு புகார் எழுதினேன்."

"எங்க அது?"

"அதுவும் காணாமப் போச்சு."

தலைவர் தாடையைத் தடவினார். "அப்ப நான் எத வச்சு விசாரிக்கறது? சரி, வாங்க. நேர்ல பாப்போம். அந்த அராலியையும் கூப்பிடுங்க. சாட்சிக்கு ஒரு ஆள் வேணும்."

மூவரும் திரையின் முன்னால் நின்றார்கள். குன்று எப்போதும்போல் பச்சையாக இருந்தது. தலைவருக்கு மவுஸைப் பிடித்துப் பார்க்க ஆசை. பிடித்தார். அவருடைய கை கனமான கை. அம்புக்குறி ஒரே சரிவில் திரையின் அடிக்குப் போய் முட்டியது.

அடியிலிருந்து நீலமாக ஒரு பட்டை மேலெழுந்தது. தலைவர் கையை எடுத்தார். அவர் எடுத்த வேகத்தில் மவுஸ் நகர்ந்தது. பட்டை திரும்ப உள்ளே போய்விட்டது.

"என்ன அது?" என்றார் தலைவர்.

"எது?" என்றார் அராலி. ஆனால் இரண்டடி பின்னால் போய்விட்டிருந்தார்.

"நான் பாத்தேன்" என்றாள் கபஹெண்டா. "இதுக்கு முன்னாடியும் ரெண்டு தடவ பாத்திருக்கேன். கண்ணாடிய மாத்தணும்னு நினைச்சேன். பாட்டி கதைல ஆத்துல தல காட்டிட்டு முங்குமே அடீன்யிங்கற பாம்பு, அது மாதிரி."

"அலுவலகத்துல பாம்புப் பேச்சு வேணாம் அப்வோலி."

கபஹெண்டா உட்கார்ந்தாள். பயம் இருந்தது. ஆனால் அராலி பின்னால் போய் நின்றதைப் பார்த்ததும் அவளுக்குத் தைரியம் வந்துவிட்டது. மவுஸை மெதுவாக அடிவரை இழுத்தாள். பட்டை எழுந்தது. அங்கேயே வைத்திருந்தாள். பட்டையும் அங்கேயே நின்றது. இடது கோடியில் பச்சைப் பொத்தான், வலது கோடியில் மணி ஒன்பது இருபது. நடுவில் நெருக்கியடித்துக்கொண்டு ஒரு சின்னக் கட்டை. அதன்மேல் முப்பத்தேழு என்று ஓர் எண். தட்டினாள். கட்டையிலிருந்து ஒரு நீளமான பட்டியல் விசிறி மாதிரி மேலே விரிந்தது. அதில் ஒன்றைத் தட்டினாள்.

'வரலாற்றுச் சிறப்புமிக்க மரப்பாலம்' என்று தலைவர் உரக்கப் படித்தார்.

"ஐயோ!" என்றாள் கபஹெண்டா.

ஒன்பது நாள் கடிதங்களும் அங்கேதான் இருந்தன. ஒன்றுகூடப் போகவில்லை. மூலைக்கோட்டை அழுத்தியதும் அவை இந்தப் பட்டைக்கு வந்து உட்கார்ந்துவிட்டன. அவளுக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கியது. வெளியே வராந்தாவில் ஒரு பெஞ்சு கிடக்கிறது. கூப்பிட்டவர் மேசைக்கு வருகிறார். மற்றவர்கள் பெஞ்சில் காத்திருக்கிறார்கள். யாரும் வீட்டுக்குப் போய்விடுவதில்லை. திரும்பக் கூப்பிட்டால் எழுந்து வருவார்கள். "இது பெஞ்சு!" என்று கத்தினாள். "அட்வோக்கி, இது நம்ம பெஞ்சு! எல்லாரும் இங்கதான் ஒக்காந்திருக்காங்க!"

தலைவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. "அடுத்தவரக் கூப்பிடுங்க!" என்றார்.

அவள் ஒவ்வொன்றாகத் தட்டினாள், அவர் ஒவ்வொன்றாக உரக்கப் படித்தார். பாலத்துக் கடிதம் ஆறும் வந்தன. ஆறாவதும் முதலாவதும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்ததைக் கண்டு அவர் இரண்டையும் இன்னொரு தடவை படித்தார். பிறகு, "நல்ல எழுத்து அப்படித்தான் திரும்பி வரும்" என்றார். அராலிகூட ஓரடி முன்னால் வந்து எட்டிப் பார்த்தார். கபஹெண்டாவின் கை வேகமெடுத்தது. பட்டியலின் கடைசிப் பெயரைத் தட்டினாள். தட்டிய பிறகுதான் அது என்ன என்று அவளுக்கு ஞாபகம் வந்தது.

"'மேற்படி முகேன்யி அராலி என்பவர்'" என்று தலைவரின் குரல் கணீரென்று எழுந்தது, "'எனக்குக் கம்ப்யூட்டர் வழங்கப்பட்டதைப் பொறுக்கமாட்டாமல், நான் அடிக்கும் கடிதங்களைக் களவாடி வருகிறார்...'"

"அட்வோக்கி, அது வேணாம்" என்றாள் கபஹெண்டா. அவசரத்தில் மூலைக்கோடு அகப்படவில்லை.

தலைவர் ஆரம்பித்ததை நிறுத்தத் தெரியாதவர். "'அவரை உண்ணி மருந்தில் மாடு குளிப்பாட்டும் தொட்டிப் பிரிவுக்கு மாற்றினால் அலுவலகத்துக்கு நன்மை. அவருடைய கோட்டையும் அந்தத் தொட்டியில் ஒருமுறை முக்கி எடுக்கலாம்...'" என்று படித்து முடித்த பிறகுதான் அவருக்கு அர்த்தம் மண்டையில் ஏறியது. செருமினார். பாலத்தை நேரில் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

அராலி கோட்டின் கையை ஒருமுறை முகர்ந்து பார்த்தார். பிறகு பதிவேட்டு அறைக்குப் போய்விட்டார்.

சாயங்காலம் ஒரு கோப்பு அரைச்சுவர்மேல் வந்து உட்கார்ந்தது. "கபஹெண்டா அவர்களே, நீங்க கேட்ட கோப்பு" என்றார் அராலி.

அவளுக்கு முதுகில் பச்சைத் தண்ணீர் ஊற்றியது போலிருந்தது. அப்வோலி இல்லை. வெறும் கபஹெண்டா. கூட ஓர் 'அவர்களே', ஒரு 'நீங்க'. அதைவிட ரெண்டு அடி அடித்திருக்கலாம்.

மறுநாள் மத்தியானம் ஃபிரிண்டாவைச் சுவர்மேல் வைத்தாள்.

"வயிறு சரியில்லைங்க, கபஹெண்டா" என்றார்.

அடுத்த நாளும் வயிறு சரியில்லை. அதற்கடுத்த நாளும். பத்து நாள் அப்படிப் போனது. வராந்தா பெஞ்சில் காத்திருந்தவர்கள்கூடக் கவனித்துவிட்டார்கள். "ஏம்மா, அவரு ஒங்களப் பேரு சொல்லியா கூப்பிடறாரு?" என்று ஒரு கிழவர் கேட்டே விட்டார். அவள் வேகவேகமாகத் தட்டச்சு அடித்தாள். என்ன அடித்தாள் என்று அவளுக்கே தெரியாது.

"போய் மன்னிப்புக் கேட்டா முடிஞ்சுது" என்றார் ருசோக்கே அமூட்டி, வழக்கம்போல் சிரித்துக்கொண்டு.

"வாயால கேக்க வரலீங்களே!"

"ஒனக்கு வாயால வராத ஒரு விஷயமா? இத நான் தொழிற்சாலைல சொல்லியாகணும்."

வாயால் வரவில்லை, விரலால் வந்தது. பதினோராம் நாள் காலை ஒரு கடிதம் அடித்தாள். நான்கே வரி. அதை எப்படிப் பத்திரமாக வைப்பது, பெயர் போடுவது என்பதெல்லாம் பெஞ்சைக் கண்டுபிடித்த பிறகு தானே நோண்டிக் கற்றுக்கொண்டிருந்தாள். அந்தக் கடிதத்தைக் குன்றின் நட்டநடுவில், ஒரு மாடுகூட மேயாத இடத்தில் வைத்தாள். கீழே 'அராலிக்கு' என்று பெயர். பிறகு சுவரைப் பார்த்துக் காற்றிடம் பேசுவதுபோல, "நான் மாதர் சங்கக் கூட்டத்துக்குப் போறேன். வர ரெண்டு மணி ஆகும். திரைய மூடல" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

அவள் ஒன்றரைக்கே வந்துவிட்டாள். கூட்டத்தில் மனம் நிற்கவில்லை.

அராலி அவளுடைய நாற்காலிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். மவுஸை வாலைப் பிடித்து ஒரு செத்த எலியைத் தூக்குவதுபோல் அந்தரத்தில் தூக்கிப் பிடித்திருந்தார். கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டிருந்தார். அவரைக் கோட்டில்லாமல் அவள் பார்த்ததே இல்லை. முகமெல்லாம் வேர்வை.

"நான் ஒண்ணையும் தொடல!" என்றார்.

கபஹெண்டா திரையைப் பார்த்தாள். டாஸ்க்பார் அடியில் இல்லை. எட்டிப் பார்த்துவிட்டு ஒளியவும் இல்லை. வானத்தின் உச்சியில், திரையின் மேல் விளிம்பில், அகலமாக அசையாமல் நின்றது. பச்சைப் பொத்தான் மேலே இடது மூலையில். மணி மேலே வலது மூலையில். சின்னப் படங்களெல்லாம் ஒரு விரல் அகலம் கீழே இறங்கியிருந்தன.

"தொடாமயா பெஞ்சு கூரைக்கு ஏறிச்சு?"

"கதவத் தட்டலாம்னு போனேன். அது தெறக்கல. அடியில அந்தப் பாம்பு வந்துச்சு. அதப் பிடிச்சு ஓரமாத் தள்ளலாம்னு பிடிச்சேன், அது கையோட வந்துடுச்சு! விடவும் பயமா இருந்துச்சு. எங்க விடறதுன்னு தெரியல. மேல கொண்டுபோய் விட்டுட்டேன். அதுக்கப்புறம் வலது பக்கம் தட்டினேன், என்னமோ கேட்டுது, ஆமான்னுட்டேன். எல்லாத்துக்கும் ஆமான்னுட்டேன். ஒடஞ்சு போச்சா? மாவட்டத்துக்குத் தெரிஞ்சா என்ன பண்ணுவாங்க? அப்வோலி, ஏதாவது சொல்லு அப்வோலி!"

அந்தப் பெயர் அவருக்குத் தெரியாமலேயே வாயிலிருந்து விழுந்தது. இரண்டு முறை. கபஹெண்டாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அவர் கையிலிருந்து மவுஸை வாங்கி மேசையில் வைத்தாள்.

"ஒண்ணும் ஒடையல. கடிதத்தப் படிச்சியா?"

"தெறக்கவே தெரியலங்கறேன்."

"நான் படிச்சுக் காட்டட்டா?"

"வேணாம்" என்றார் அராலி அவசரமாக. "சத்தமாப் படிச்சுக் கேட்டது போதும். தாள்ல எடுத்துக் குடு."

பிரிண்டர் முனகியபடி ஒரு தாளைத் துப்பியது. அராலி அதை வாங்கி, சன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், முதுகைக் காட்டிக்கொண்டு படித்தார். நான்கு வரியைப் படிக்க எவ்வளவு நேரமாகும்? அவர் ஒரு பதிவேடு முழுவதையும் படிக்கிற நேரம் எடுத்துக்கொண்டார். பிறகு பதிவேட்டு அறைக்குப் போனார். முத்திரையை மையில் ஒற்றுகிற சத்தம் கேட்டது. 'வரப்பெற்றது' என்று குத்தி, தேதி போட்டு, எண் போட்டு, புதிதாக ஓர் அட்டையில் கோர்த்து, அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

"எந்தத் தலைப்புல வச்ச?" என்று சுவர்மேல் எட்டிக் கேட்டாள்.

"எல்லைத் தகராறு. தீர்ந்தவை" என்றார். "இன்னிக்கு என்ன ஃபிரிண்டாவா?"

டாஸ்க்பாரைக் கீழே இறக்க அவர்கள் முயலவில்லை. கபஹெண்டா ஒருமுறை மவுஸை அதன் மேல் வைத்தாள். அராலி "சும்மா விடு, இப்பவாவது ஒளியாம நிக்குது" என்றார். யோசித்துப் பார்த்தால் மேலே இருப்பதும் நியாயமாகத்தான் பட்டது. கீழே இருப்பதைக் குனிந்து பார்க்க வேண்டும். மேலே இருந்தால் நிமிர்ந்து பார்க்கலாம். இருமலுக்கு மருந்து கொடுக்க வந்த சுகாதாரப் பணியாளர், வட்டத்துப் பள்ளி ஆசிரியைகள் மூவர், கால்நடைப் பிரிவு எழுத்தர் என்று அடுத்தடுத்த வருடங்களில் ஏழெட்டுப் பேர் அவளிடம் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டார்கள். எல்லோருக்கும் "பெஞ்சு மேல இருக்கும்" என்றுதான் சொல்லிக்கொடுத்தாள்.

நான்கு வருடம் கழித்து ஃபோர்ட் போர்ட்டல் நகரில் மாவட்டத் தட்டச்சர்களுக்கெல்லாம் ஒரு தேர்வு வைத்தார்கள். பதினாறு கம்ப்யூட்டர்கள் வரிசையாக இருந்தன. கபஹெண்டா தன்னுடையதின் முன்னால் உட்கார்ந்தாள். திரையைப் பார்த்து முகம் சுளித்தாள். டாஸ்க்பார் அடியில் கிடந்தது. அக்கம்பக்கம் பார்த்தாள். பதினாறிலும் அப்படித்தான். பாவம், இங்கே யாருக்கும் சரியாகச் சொல்லிக்கொடுக்கவில்லை போலிருக்கிறது என்று அவளுக்கு இரக்கமாக இருந்தது. தன்னுடையதைப் பிடித்து மேலே ஏற்றினாள். பக்கத்தில் ஓர் இளம்பெண் திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்ததால், அவளுடையதையும் ஏற்றிவிட்டாள்.

தேர்வாளர் வந்து நின்றார். "என்னம்மா பண்றீங்க?"

"நீங்க யாரு வீட்டுப் பிள்ள? ஒங்க செல்லப்பேரு என்ன?" என்று கேட்டாள்.

"அபூக்கி."

"அபூக்கி, வாங்க, நிமிந்து ஒக்காருங்க. கழுத்து வலிக்காம பாக்கறது எப்படின்னு காட்டறேன்."

ஐம்பதுக்கு நாற்பத்தெட்டு வாங்கினாள். அந்தச் சான்றிதழ் அவள் வீட்டு வரவேற்பறையில், பின்னல் உறை போட்ட தொலைக்காட்சிக்கு மேலே தொங்குகிறது. குறைந்த இரண்டு மதிப்பெண் எதற்கு என்று யார் கேட்டாலும், ருசோக்கே அமூட்டி அவளை முந்திக்கொண்டு பதில் சொல்வார். "தேர்வு எழுதறப்ப பேசினதுக்கு" என்பார். அவள் மறுத்ததில்லை.